உங்களுக்குத் தெரியுமா? கம்பத்தில் அடுப்பு மாற்ற ஆயிரங்கள், அமெரிக்காவில் உலை மாற்ற லட்சங்கள்!

அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி வீடுகள் குளிர்காலத்தில் கேஸை எரித்துத்தான் வெதுவெதுப்பாக இருக்கின்றன. சமைக்க அல்ல. சும்மா உட்கார்ந்திருக்க! தூங்க!

அதற்கென்று வீட்டுக்கு ஒரு கேஸ் உலை. 15 முதல் 20 வருடம் உழைக்கும், அப்புறம் மாற்றியே ஆகவேண்டும். 5 ஆயிரம் டாலர் பில் அங்கே சர்வ சாதாரணம். டாலருக்கு 85 ரூபாய் போட்டாலும் 4 லட்சத்து 25 ஆயிரம்!

கம்பத்துக்காரர்களே, நமக்கு அந்தச் செலவு பூஜ்யம்! மார்கழிக்கு ஒரு மப்ளர், ஒரு சுக்குக் காபி. தீர்ந்தது கதை. இத்தனைக்கும் போடிமெட்டு ஏறி மூணாறு போய்ப் பாருங்கள். ஜனவரி விடியலில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிப் புல்லெல்லாம் உறைபனி!

நம் வீட்டு உலை என்றால் கேஸ் அடுப்புதான். அதை அடியிலிருந்து புதிதாகப் போட்டால் எவ்வளவு ஆகும்? சிலிண்டருக்கு டெபாசிட் 2,200. ரெகுலேட்டருக்கு 250. ரெண்டு பர்னர் கண்ணாடி அடுப்பு, நல்லதாக 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப், முதல் கேஸ் எல்லாம் சேர்த்து 7 ஆயிரம் சொச்சம்! ஒரு அமெரிக்க உலையின் காசில் நம்மூரில் கிட்டத்தட்ட 60 வீட்டில் அடுப்பெரியும்!

அந்த டெபாசிட் 2022 ஜூன் வரை வெறும் 1,450. ரெகுலேட்டர் 150. ஒரே நாளில் ரெண்டும் சேர்ந்து 850 ரூபாய் எகிறியது!

இன்னொரு அதிர்ச்சி. உங்கள் வீட்டுச் சிலிண்டர் உங்களுடையதே இல்லை! எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது கம்பெனி சொத்து. நீங்கள் கட்டியது டெபாசிட் மட்டும். இணைப்பை ஒப்படைத்தால், அன்றைக்கு ரசீதில் எழுதிய தொகை திரும்பக் கிடைக்கும். ஆகவே அந்தப் பழைய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்!

ரெகுலேட்டர் தானாகப் பழுதானால் ஏஜென்சியில் இலவசமாக மாற்றித் தருவார்கள். தொலைத்தால்தான் காசு! பலர் இது தெரியாமல் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொடுமை!

2023 ஆகஸ்ட் 30. சென்னையில் வீட்டு சிலிண்டர் விலை 1,118 ரூபாய் 50 காசிலிருந்து 918 ரூபாய் 50 காசுக்கு இறங்கியது. ஒரே இரவில் 200 ரூபாய் குறைந்த அதிசயம்! 2025 ஏப்ரலில் அதே சென்னையில் 868 ரூபாய் 50 காசு.

இணைப்போடு அடுப்பையும் இலவசமாகவே தந்த மாநிலம் எது? நம்முடையதுதான்! 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி அது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்ததோ 2016 மே 1. ஏறக்குறைய பத்து வருடம் முந்திக்கொண்டது தமிழ்நாடு!

இப்போது நான் கண்டுபிடித்ததிலேயே பெரிய ஆச்சரியம். கேஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது! 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்து தீரும்போது உங்கள் அடுப்படியில் ஆவியாகப் பிறக்கும் தண்ணீர் சுமார் 22 லிட்டர்! உள்ளே போன கேஸைவிட வெளியே வரும் தண்ணீர் எடை அதிகம். காற்றிலிருந்து சேரும் ஆக்ஸிஜன் செய்யும் மாயம்!

அமெரிக்காவின் புதிய உலைகளில் சிறந்தவை அந்த ஆவியையும் விடுவதில்லை. குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதன் சூட்டையும் கறந்துவிடுகின்றன. எரியும் கேஸில் 95 சதவீதத்துக்கு மேல் சூடாக வீட்டுக்குள் வந்துவிடும். வெளியேறும் புகை எவ்வளவு ஆறிப்போயிருக்கும் தெரியுமா? சாதாரண பி.வி.சி. பைப்பே போதும்! நம்மூர் கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. கேட்கும் குறைந்தபட்சம் 68 சதவீதம்தான்.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலைக்குக் காப்புரிமை வாங்கியவர்களில் ஒரு கறுப்பினப் பெண்ணும் உண்டு! நியூ ஜெர்சியின் ஆலிஸ் பார்க்கர். தேதி 1919 டிசம்பர் 23. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை சட்டமானதே அதற்கடுத்த வருடம்தான்!

கம்பம் பக்கம் உலையே இல்லை என்று யார் சொன்னது? கம்பம்மெட்டு ஏறுங்கள். அந்தப் பக்கம் வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோர்கள்! விடிகாலையில் ஜீப்புகளில் நம்மூர்ப் பெண்கள் வேலைக்குப் போகிறார்களே, அவர்கள் பறிக்கும் காய் காய்வது அங்கேதான். 5 கிலோ பச்சைக் காய் உள்ளே போனால் வெளியே வருவது 1 கிலோ!

அந்தக் காலத்து ஸ்டோரின் சூட்சுமம் பிரமாதம். வெளியே விறகு எரியும். புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே அறை முழுக்கச் சுற்றிப் போய்விடும். காயில் படுவது சூடு மட்டும், புகை படவே படாது! அமெரிக்க உலையும் அச்சு அசல் இதே வேலையைத்தான் செய்கிறது. தீ இரும்புக்குள், வீட்டுக் காற்று இரும்புக்கு வெளியே. அந்த இரும்பில் ஒரு கீறல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வந்துவிடலாம். அப்போது ரிப்பேர் பேச்சே இல்லை, பெரும்பாலும் முழு உலையும் புதுசு!

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது! மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் உடனே எழுந்து போய் ஜன்னலைத் திறவுங்கள்.

கேஸுக்கும் சொந்த வாசனை கிடையாது. நமக்கு அடிக்கும் நாற்றம் எத்தில் மெர்காப்டன். கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியே கலந்து அனுப்புகிறது!

கம்பத்தில் மாடுகளையே தெய்வமாகக் கும்பிடும் தம்பிரான் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. சாணத்தின் அருமை நமக்குச் சொல்லவா வேண்டும்? நாலைந்து மாடு, தினம் 50 கிலோ சாணம், 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன். மாதம் 26 கிலோ கேஸுக்குச் சமம். கிட்டத்தட்ட 2 சிலிண்டர்!

கேஸ் விபத்துக்கு நீங்கள் ஒரு பைசா பிரீமியம் கட்டாமலே காப்பீடு இருக்கிறது! எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருப்பது. உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். இதைக் கேட்டு வாங்கியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இந்தியா முழுக்க, கேஸ் கசிவைச் சொல்ல ஒரே எண்: 1906. இரவு பகல் எந்நேரமும்!

கடைசியாக ஒன்று. ஆரஞ்சு டியூபின் ஆயுள் 5 வருடம்தான். தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். படித்தது போதும், அடுப்படிக்குப் போய் முதலில் அதைப் பாருங்கள்!