வீட்டுவண்டியில் தொலைக்காட்சி அலைகளைப் பெறுதல்

நிலைத்த ஓரிடத்தில் வீடமைத்து வாழ்தல் நாகரிகத்தின் முதற்படி என்பர். எனினும், வீட்டையே தன்னுடன் கொண்டு செல்லும் விருப்பம் மனிதனை விட்டு முற்றாக நீங்கியதில்லை. அவ்விருப்பம் ஐக்கிய அமெரிக்காவிலே மோட்டார் வீட்டுவண்டி என்னும் உருவம் பெற்றுள்ளது. படுக்கை, அடுக்களை, குளியலறை யாவும் ஒருங்கே அமைந்த இவ்வண்டியிற் சிலர் விடுமுறையைக் கழிப்பர். வேறு சிலர், சிறப்பாகத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றோர், நிலையான வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்வர்.

இத்தகையோர் அடிக்கடி எதிர்நோக்கும் இடர் ஒன்றுண்டு. நேற்றுத் தங்கிய ஊரிலே தெளிவாகத் தெரிந்த தொலைக்காட்சி, இன்று தங்கும் ஊரிலே வெறுந்திரையாகி விடுகின்றது. இது பொழுதுபோக்குப் பற்றிய சிறு குறை மாத்திரமன்று. அந்நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் இளவேனிற் காலத்தே எழும் சுழற்காற்று, வீட்டுவண்டியைக் கவிழ்த்தெறிய வல்லது. 2011 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆந் திகதி மிசூரி மாநிலத்து ஜொப்ளின் நகரைச் சிதைத்த சுழற்காற்றினைப் பலரும் அறிவர். காற்று எவ்வூரைக் கடந்து எவ்வூரை நோக்கி வருகின்றது என்பதை வரைபடத்திற் காட்டி எச்சரிப்பன உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களே. ஊர்ப்பெயர்களையே அறியாத வழிப்போக்கனுக்கு அவ்வரைபடம் உயிர்காக்கும் துணையாகும். இணையத்தின் வழியாகவும் செய்தி பெறலாம் எனினும், கைத்தொலைபேசி அலை எட்டாத இடங்கள் அந்நாட்டிற் பலவுள. வான்வழி வரும் தொலைக்காட்சியோ கட்டணமின்றிக் கிடைப்பது. ஆகவே, அதனைச் செவ்வனே பெறும் வழிகளை விஞ்ஞான முறையிற் சிறிது ஆராய்வோம்.

அலைகளின் இயல்பு

அமெரிக்காவில் ஒவ்வொரு தொலைக்காட்சி அலைவரிசையும் 6 மெகாஹேர்ட்சு அகலமுடையது. 2 முதல் 6 வரையான அலைவரிசைகள் 54 முதல் 88 மெகாஹேர்ட்சு வரையும், 7 முதல் 13 வரையானவை 174 முதல் 216 மெகாஹேர்ட்சு வரையும் பரந்துள்ளன. இவ்விரு பிரிவும் வீ.எச்.எவ். எனப்படும். 14 முதல் 36 வரையானவை யூ.எச்.எவ். எனப்படும்; அவை 470 முதல் 608 மெகாஹேர்ட்சு வரை அமைவன. ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுக்க அலைநீளம் பெறப்படும். அவ்வாறு கணிக்கின், யூ.எச்.எவ். அலையின் நீளம் ஏறத்தாழ 64 சதமமீற்றர் முதல் 49 சதமமீற்றர் வரையாகும். 7 முதல் 13 வரையான அலைவரிசைகளில் அது 1.7 மீற்றர் முதல் 1.4 மீற்றர் வரையாகும். அலையைப் பெறும் எளிய கோல் அன்ரெனாவின் நீளம் அலைநீளத்தின் அரைப்பங்காதல் வேண்டும். எனவே யூ.எச்.எவ். அலைக்கு ஒரு முழத்திற்கும் குறைந்த கோல் போதும், வீ.எச்.எவ். அலைக்கோ அதனிலும் மிக நீண்ட கோல் தேவை. சிறிய தட்டையான அன்ரெனா ஒன்று எல்லா நிலையங்களையும் ஒருசேரப் பெறும் என்று எதிர்பார்த்தல் தவறென்பது இதனாற் பெறப்படும்.

இவ்வலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வன. பூமி உருண்டையாதலின் அவற்றிற்கு ஒரு தொடுவான் எல்லை உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கின் அவ்வெல்லை கிலோமீற்றரிற் கிடைக்கும். 300 மீற்றர் உயரமுடைய கோபுரத்திற்கு இது 71 கிலோமீற்றர். வண்டியின் கூரையில், நிலத்தினின்றும் 4 மீற்றர் உயரத்தில் உள்ள அன்ரெனாவிற்கு 8 கிலோமீற்றர். இரண்டையுங் கூட்ட 79 கிலோமீற்றர் வரும். அன்ரெனாவை 9 மீற்றருக்கு உயர்த்தினால் இத்தொகை 84 ஆகுமேயன்றி இருமடங்காகிவிடாது. அங்ஙனமாயின் உயர்த்துவதாற் பயன் யாது? அருகிலுள்ள மரங்கள், கட்டடங்கள், பக்கத்தே நிற்கும் உலோக வண்டிகள் ஆகியவற்றின் நிழலினின்றும் அன்ரெனா விடுபடுகின்றது. பெரும்பயன் இதுவே.

செங்குத்தான வீழ்ச்சி

முன்னாளில் ஒப்புமுறை ஒளிபரப்பு வழங்கியபோது, அலை வலுவிழக்குந்தோறும் படத்திலே பனி பொழிவது போன்ற புள்ளிகள் படிப்படியாக மிகும். பார்ப்பவன் அதனைக் கண்டு அன்ரெனாவைத் திருப்பிச் சீர்செய்வான். 2009 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆந் திகதியுடன் அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் ஒப்புமுறையைக் கைவிட்டு இலக்கமுறைக்கு மாறின. இலக்கமுறையில் இடைநிலை என்பது இல்லை எனலாம். சமிக்ஞை இரைச்சலிலும் ஏறத்தாழ 15 தெசிபெல், அதாவது முப்பது மடங்கிற்குச் சற்று மேல், வலுவுடையதாயின் படம் குறையின்றித் தெரியும். அதனினுஞ் சிறிது குறையின் படம் துண்டு துண்டாகிப் பின் முற்றாக மறைந்துவிடும். மலையுச்சியில் நடப்பவன் ஓரடி பிழைப்பின் பாதாளத்தில் வீழ்வது போன்றது இது. ஆதலின், ஒன்றிரண்டு தெசிபெல் அளவான சிறு திருத்தமே வெறுந்திரையை முழுப்படமாக்குதலும் கூடும்.

பயணிகள் அறியவேண்டிய மற்றொரு மாற்றமும் உண்டு. 38 முதல் 51 வரையான அலைவரிசைகள் கைத்தொலைபேசிச் சேவைக்கென ஒதுக்கப்பட்டமையால், 2020 ஆம் ஆண்டு யூலை மாதம் வரை பல நிலையங்கள் வேறு அலைவரிசைகளுக்கு இடம் பெயர்ந்தன. திரையிலே தோன்றும் இலக்கம் வேறு. நிலையம் உண்மையில் ஒலிபரப்பும் அலைவரிசை வேறு. 4 என்று பெயர் கொண்ட நிலையம் யூ.எச்.எவ். அலைவரிசையிலே இயங்குதல் கூடும். எனவே புதிய ஊரை அடைந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியை மீண்டும் அலைவரிசை தேடச் செய்தல் வேண்டும். இச்சிறு வேலையை மறந்து, பழுதில்லாத அன்ரெனாவைப் பழிப்போர் பலர்.

வண்டி என்னும் உலோகக்கூடு

உலோகத்தாற் சூழப்பட்ட இடத்தினுள் மின்காந்த அலை புகாது என்பதைப் பரடேயின் கூடு பற்றிப் படித்த மாணவர் அறிவர். அலுமினியத் தகடு போர்த்த வண்டியினுள்ளே வைக்கப்படும் அன்ரெனா யன்னல்களின் வழியே கசியும் சிறிதளவு அலையையே பெறும். கண்ணாடியிழைச் சுவருடைய வண்டியினுள் நிலைமை சற்று நன்று. ஆயினும் அங்கும் சுவரினுள்ளே உலோகச் சட்டங்கள் இருத்தல் கூடும். ஆகவே அன்ரெனா கூரைக்கு மேலே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி.

கூரை அன்ரெனாக்கள் இருவகைப்படும். ஒன்று எத்திசையினின்றும் அலையை ஏற்பது. அதனைத் திருப்ப வேண்டியதில்லை; ஆனால் எத்திசைக்கும் பொதுவாயிருப்பதால் ஒரு திசைக்கெனச் சிறந்த வலு அதற்கில்லை. மற்றையது திசை நோக்குவது. வௌவாலின் விரித்த இறகு போன்ற தோற்றமுடைய அன்ரெனா அமெரிக்க வண்டிகளிற் பெரிதும் வழங்குகின்றது. உள்ளிருந்து ஒரு கைப்பிடியைச் சுழற்ற அது கூரையினின்றும் எழும். கூரையின் உட்புறத்து வளையத்தைத் திருப்ப அதுவுந் திரும்பும். அதன் முன்புறத்தே குறுங்கோல்கள் கொண்ட துணைப்பாகம் ஒன்றைப் பூட்டின் யூ.எச்.எவ். அலைகளைப் பெறும் ஆற்றல் மிகும். 1926 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்களான யாகி, உடா என்போர் வெளிப்படுத்திய அன்ரெனாவின் தத்துவமும் இதுவே: அலை வரும் திசையில் நிரையாக நிற்கும் கோல்கள் அலையைப் பின்னுள்ள கோலிடம் குவித்துக் கொடுக்கின்றன.

திசையும் இடமும்

திசை நோக்கும் அன்ரெனாவைக் கண்மூடித்தனமாகச் சுழற்றுதல் வீண். நிலையங்கள் எங்குள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு, ஓரிடத்திற் பெறத்தக்க நிலையங்களையும் அவற்றின் திசைகளையும் இணையத்தில் எவரும் காணுமாறு வெளியிட்டுள்ளது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரை உதாரணமாகக் கொள்வோம். ஒவ்வோர் ஒற்றோபரிலும் அங்கு நடைபெறும் வெப்பக்காற்றுப் பலூன் விழாவிற்கு வீட்டுவண்டிகள் பெருந்திரளாக வந்து கூடும். நகரின் கிழக்கே 3,255 மீற்றர் உயரமுள்ள சாந்தியா மலைமுடியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. நகரினும் அம்முடி ஏறத்தாழ 1,600 மீற்றர் உயர்ந்திருத்தலின், அதன் தொடுவான் எல்லை 160 கிலோமீற்றரையும் கடக்கும். விழாத் திடலில் நிற்பவன் கிழக்கு நோக்கி அன்ரெனாவைத் திருப்பினாற் போதும். ஆனால் அதே பயணி மலைக்கணவாய் ஒன்றினுள் வண்டியை நிறுத்துவானாயின், கோபுரம் மிக அண்மையிலிருந்தும் பாறையின் நிழலில் அகப்பட்டு ஒன்றும் பெறான். தூரம் மாத்திரம் அளவுகோலன்று. இடையே தடையுண்டா என்பதே முதன்மையான வினா.

மலைகளிலும் கட்டடங்களிலும் தெறித்து வரும் அலைகள் நேரே வரும் அலையுடன் தலையிட்டு, ஓரிடத்தில் வலுவைக் கூட்டியும் மற்றோரிடத்திற் குறைத்தும் நிற்கும். யூ.எச்.எவ். அலைநீளம் சிறியதாகையால், இவ்வேற்றத்தாழ்வு ஓரிரண்டு அடித் தூரத்துள்ளேயே நிகழ்தல் கூடும். வண்டியைச் சிறிது முன்னே நகர்த்தியதும் படம் தோன்றுவதன் காரணம் இதுவே. ஈரமான இலைகள் அலையை உறிஞ்சுவன. ஆதலின் கோபுரத்தின் திசையில் அடர்ந்த மரமில்லாத இடத்தைத் தெரிவு செய்தல் நன்று.

விரியலாக்கி பற்றிய மயக்கம்

சமிக்ஞை குறையின் விரியலாக்கியைப் பூட்டினாற் சரியாகும் என்பது பொதுமக்கள் கருத்து. அது பாதியே உண்மை. விரியலாக்கி சமிக்ஞையைப் பெருக்கும்போது அதனுடன் வந்த இரைச்சலையும் பெருக்கி, தன் இரைச்சலையும் சேர்க்கின்றது. அன்ரெனாவிற்கு வராத சமிக்ஞையை அதனால் உண்டாக்க இயலாது. வடத்திலும் பகுப்பானிலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்தலே அதன் தொழில்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். வடமும் பகுப்பானும் சேர்ந்து 7 தெசிபெல் இழப்பைத் தருவன என்றும், பெட்டியின் இரைச்சல் எண் 7 தெசிபெல் என்றும் கொள்க. விரியலாக்கி இன்றேல் மொத்த இரைச்சல் எண் 14 தெசிபெல். 15 தெசிபெல் பெருக்கமும் 3 தெசிபெல் இரைச்சல் எண்ணுமுடைய விரியலாக்கியைப் பெட்டியின் அருகே வைப்பின் அது 10 தெசிபெல் அளவாகும். அதனையே அன்ரெனாவின் தலையில் வைப்பின் 4.4 தெசிபெல்லாகக் குறையும். கருவி ஒன்றே, இடம் மாறப் பயன் மாறுகின்றது. முதலிற் பெருக்கிப் பின் இழப்பதே முறை.

வௌவால் இறகு அன்ரெனாவின் தலையிலேயே விரியலாக்கி அமைந்துள்ளது. அதற்கு வேண்டிய 12 உவோற்று மின், சுவரிலுள்ள சிறு பலகையிலிருந்து அதே ஓரச்சு வடத்தின் வழியாக மேலே செல்கின்றது. அப்பலகையிலுள்ள ஆளியைப் போட மறந்தால் விரியலாக்கி உறங்கிவிடும். சமிக்ஞையும் பெரும்பாலும் கீழே வாராது. ஆளியின் சிறுவிளக்கு எரிகின்றதா என்று பார்த்தலே பழுது தேடுவோன் செய்யவேண்டிய முதற்சோதனை. மாறாக, கோபுரத்திற்கு மிக அருகில் நிற்கும்போதும், கைத்தொலைபேசிக் கோபுரம் பக்கத்தே உள்ளபோதும், விரியலாக்கி மிகைவலுவினாற் றிணறிப் படத்தைக் கெடுத்தல் உண்டு. அங்கே பெருக்கம் குறைந்த விரியலாக்கியோ, தொலைபேசி அலையைத் தடுக்கும் வடிகட்டியோ வேண்டும்.

உள்ளிருக்கும் பகைவர்

ஓடும் வண்டியின் அதிர்வினால் வடத்தின் இணைப்புக்கள் தளரும். மழைநீர் புகுந்து செப்பு களிம்பேறும். இரு பெட்டிகளுக்குச் சமிக்ஞையைப் பகிரும் பகுப்பான் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 தெசிபெல்லை விழுங்கும். பயன்படாத பகுப்பானை அகற்றுதல் செலவற்ற திருத்தமாகும். மின்கலவடுக்கின் மின்னை மாற்றும் கருவிகளும், மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் இரைச்சலைப் பரப்புவன, வீ.எச்.எவ். அலைவரிசைகளே இதனாற் பெரிதும் தாக்கப்படும். அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கின் குற்றவாளி அகப்படும்.

இங்கே அவதானமும் வேண்டும். அன்ரெனாவை உயர்த்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி உண்டா என நோக்குதல் வேண்டும். இடிமின்னல் நெருங்கின் அதனை இறக்கிவிடுதல் வேண்டும். உயர்த்திய அன்ரெனாவை மறந்து வண்டியைச் செலுத்தி, அதனை மரக்கிளையில் முறித்தோர் பலர். அன்ரெனா உயர்ந்திருக்கும் வரை அதனை நினைவூட்டும் அட்டையொன்றைச் சுக்கானில் மாட்டிவைத்தல் அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழி. மேலும், எச்சரிக்கை கிடைத்த பின்னர் வண்டியினுள்ளே இருத்தல் ஆகாது. உறுதியான கட்டடத்தை நாடுதலே தகும். படம் தெரிவது நாம் தப்புவதற்காகவேயன்றி, இருந்து பார்த்துக்கொண்டிருப்பதற்காக அன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். நிலையத்தின் திசையை அறிக. தடையற்ற இடத்தில் வண்டியை நிறுத்துக. அன்ரெனாவை உயர்த்தித் திருப்புக. விரியலாக்கியின் ஆளியைப் போடுக. அலைவரிசைகளை மீண்டும் தேடுக. பின்னரும் குறை காணின் இணைப்பையும் இரைச்சலையும் ஆராய்க. புதிய கருவி வாங்குதல் இவற்றிற்கெல்லாம் பின்னரே. வகுப்பறையிலே நாம் மனனஞ் செய்யும் அலைநீளமும் தெறிப்பும் தலையீடும், எங்கோ ஒரு சமவெளியில் இரவில் தங்கும் முதியோர் இருவருக்கு வரும் புயலை முன்னறிவிக்கும் என்பதை உணரும் மாணவன், பௌதிகத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மாத்திரம் கருதான்.