ஒருத்தருக்கு ஆறு பேர்: லாபம் யாருக்கு?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஸ்டார் ஆட்டக்காரரையே பண்டமாற்று செய்வார்கள். அதற்கு நியாய விலை எது?

1991-ல் கனடாவின் கியூபெக் அணி எரிக் லிண்ட்ராஸை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவரோ அங்கே ஆட மறுத்துவிட்டார். 1992-ல் பிலடெல்ஃபியா அணி அவரை வாங்கியது. கொடுத்தது என்ன தெரியுமா? ஆறு ஆட்டக்காரர்கள், புதுமுகங்களைத் தேர்வு செய்ய இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், ஒன்றரைக் கோடி டாலர்!

லிண்ட்ராஸ் சோடை போகவில்லை. 1995-ல் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கினார். ஆனால் ஸ்டான்லி கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை.

கியூபெக் அணி 1995-ல் டென்வருக்குக் குடிபெயர்ந்து, 'கொலராடோ அவலாஞ்ச்' என்ற பெயரில் 1996-ல் கோப்பையைத் தட்டிச் சென்றது. அதில் முக்கியமானவர் பீட்டர் ஃபோர்ஸ்பர்க். ஆறு பேரில் ஒருத்தர். மாறியபோது வயது 18, அந்த லீகில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர்! தேர்வு வாய்ப்பில் வந்த கோல்கீப்பர் திபோவையும் வேறு இருவரையும் கொடுத்து, பேட்ரிக் ராய் என்ற பெரிய கோல்கீப்பரையும் பிடித்தார்கள்.

ஆகவே தலையை எண்ணினால் போதாது. வயசு என்ன, இன்னும் எத்தனை வருஷம் ஆடுவார், நம்ம டீமில் ஓட்டை எங்கே என்று பார்க்கணும். இன்றைய பெயருக்கு மட்டும் விலை போட்டால், நாளைய ஸ்டார் கைநழுவிப் போய்விடுவார்!