பிறந்தது பெல்ஜியம்... கொடி நெதர்லாந்து! வெர்ஸ்டப்பன் எந்த ஊர்க்காரர்?

ஃபார்முலா 1 பார்க்கிறவரா நீங்க? மேக்ஸ் வெர்ஸ்டப்பன் ஜெயிச்சா நெதர்லாந்து தேசிய கீதம் ஒலிக்கும், கேலரி முழுக்க ஆரஞ்சு நிறம் அலையடிக்கும். ஆனா, 1997 செப்டம்பர் 30-ம் தேதி அவர் பிறந்தது பெல்ஜியத்தின் ஹாஸெல்ட் நகரத்தில். வளர்ந்ததும் பெல்ஜியம்தான். அம்மா சோஃபி கும்பன் பெல்ஜியத்துக்காரர். அப்புறம் எப்படி டச்சுக் கொடி?

முதல்ல மேப்பைப் பாருங்க. அவர் வளர்ந்த மாசைக், மாஸ் நதிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். நதியைத் தாண்டினா நெதர்லாந்து. இந்தப் பக்க மாகாணத்தின் பெயர் லிம்பர்க். அந்தப் பக்க மாகாணமும் லிம்பர்க்! 1839-ல் இரண்டு நாடுகளுக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் டச்சு மொழிதான்.

அடுத்து, கார்ட்டிங். சோஃபியே அந்தக் காலத்தில் கலக்கிய கார்ட் ரேஸர். (அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!) அப்பா யோஸ் வெர்ஸ்டப்பன் ஃபார்முலா 1 ஓட்டிய டச்சுக்காரர். தன்னைவிடச் சின்னப் பையன் ஒருத்தன் கார்ட் ஓட்டுறதைப் பார்த்துட்டு, நாலரை வயசு மேக்ஸ் 'எனக்கும் வேணும்'னு அடம்பிடிச்சார். ஆறு வயசு ஆகட்டும்னு சொல்லிப் பார்த்த அப்பா, கடைசியில் இறங்கிவந்தார். ஆரம்பக் கோப்பைகள் பலவும் பெல்ஜியம் போட்டிகளில் ஜெயிச்சதுதான்.

பெற்றோர் பிரிந்தபோது தங்கை அம்மாவோடு போக, மேக்ஸ் அப்பாவோடு இருந்தார். அப்பாதான் மெக்கானிக், கோச், டிரைவர் எல்லாம். வேனில் கார்ட்டை ஏற்றிக்கிட்டு இத்தாலி வரைக்கும் ரெண்டு பேரும் போவாங்க. சுற்றி இருந்தவங்க, நண்பர்கள் பெரும்பாலும் டச்சுக்காரங்க. பெல்ஜியத்தில் தூங்க மட்டும்தான் செய்தேன், பகல் எல்லாம் நெதர்லாந்தில்தான்னு 2015-ல் அவரே சொல்லியிருக்கார்.

அந்த வேன் பயணம் எப்பவும் இனிமையா இல்லை. 2012-ல் இத்தாலியின் சார்னோவில் ஜெயிக்க வேண்டிய ரேஸை அவசரப்பட்டு மோதிக் கோட்டைவிட்டார் மேக்ஸ். திரும்பும் வழியில் கோபத்தில் அப்பா மகனை ஒரு பெட்ரோல் பங்க்கில் இறக்கிவிட்டுப் போய்ட்டார். பிறகு திரும்பி வந்து கூட்டிட்டுப் போனார். அடுத்த வருஷமே, 15 வயசில், கேஇசட் பிரிவில் உலக சாம்பியன். 'அந்தக் கண்டிப்புதான் காரணம்'னு சிலர் சொல்வாங்க. 14 வயசுப் பையனை நடுவழியில் விட்டுட்டுப் போறதை என்னால் பாராட்ட முடியல, சாரி.

சரி, கொடியை யார் முடிவு பண்றாங்க? கார்ட்டிங் மாதிரி கீழ்நிலைப் போட்டிகளில், எந்த நாட்டு அமைப்பு லைசென்ஸ் கொடுத்ததோ அந்த நாட்டுக் கொடி. மேக்ஸ் தேர்ந்தெடுத்தது டச்சு லைசென்ஸ். ஃபார்முலா 1 மாதிரி உலக சாம்பியன்ஷிப்பில் பாஸ்போர்ட்தான் கணக்கு. அதனாலதான் லண்டனில் பிறந்த அலெக்ஸ் ஆல்பன், அம்மாவின் தாய்லாந்துக் கொடியோடு ஓட்டுறார். அணிக்கும் தனி கீதம் உண்டு: ரெட் புல்லின் தொழிற்சாலை இங்கிலாந்தில் இருந்தாலும் ஒலிப்பது ஆஸ்திரிய கீதம்!

2016-ல் ஸ்பெயினில், 18 வயசில், மேக்ஸ் முதல் வெற்றி பெற்றார். ஃபார்முலா 1-ல் ரேஸ் ஜெயிச்ச முதல் டச்சுக்காரர்னு வரலாறு பதிவு பண்ணுச்சு. 1985-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டச்சு கிராண்ட் ப்ரீ 2021-ல் ஸான்ட்வோர்ட்டுக்குத் திரும்பியப்போ, அதையும் ஜெயிச்சது அவர்தான்.

பெல்ஜியத்தின் ஸ்பா ரேஸுக்கும் எல்லை தாண்டி வர்ற ரசிகர் கூட்டத்தால் கேலரி ஆரஞ்சாகிடுது. அவர் பிறந்த நாட்டிலேயே!