ஏறுவதைவிட இறங்குவதே பெரும்பாடு

உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உள்ள பான்வில் அணையில், முட்டையிட வரும் சால்மன்கள் மேலேற 'மீன் ஏணி' உண்டு. கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்து, இனவாரியாக அவற்றை எண்ணுகிறார்கள். அணை 1938-இல் இயங்கத் தொடங்கியது.

கடலுக்குச் செல்லும் விரல்நீளக் குஞ்சுகளின் பாடுதான் கொடியது. டர்பைனுக்குள் சிக்கினால் திடீர் அழுத்த மாற்றத்திலும் சுழலும் தகடுகளிலும் பல மடியும். அதனால் மதகுகளில் கூடுதல் நீர் திறந்து இறக்கிவிடுகிறார்கள். அதிலும் ஆபத்து! உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துச் செல்ல, வாயு அளவுமீறிக் கரைகிறது. மீனின் ரத்தத்திலும் துடுப்பிலும் குமிழிகள் கிளம்புகின்றன. ஆழத்திலிருந்து சட்டென மேலேறும் முக்குளிப்பவருக்கு வரும் உபாதை போன்றதே இது. மதகடியில் கான்கிரீட் திண்டு அமைத்து, நீரைக் கிடையாகத் திருப்பி இதைக் குறைக்கிறார்கள்.

இத்தகைய லாபநட்டங்களை முடிவுக்கு முன்பே மக்கள்முன் வைக்க வேண்டும் என்கிறது 1970-இல் அமலான அந்நாட்டுச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். மாற்று வழிகளையும், எதுவும் செய்யாமல் விட்டால் என்னாகும் என்பதையும் எடைபோட்டாக வேண்டும். அருமையான ஏற்பாடு இது. அப்படிக் கொலம்பியா வடிநிலத்தின் 14 அணைகளைப் பற்றி 2020-இல் வந்த அறிக்கை, துணையாறான ஸ்நேக்கில் நான்கு அணைகளின் மண்கரையை உடைத்துவிடும் யோசனையைக்கூட அலசியது. தேர்வானது வேறு: மின்தேவை குறைந்த நேரத்தில் மீனுக்காக அதிக நீர், உச்ச நேரத்தில் குறைவு.