லாலான் தீயும் நிறம் மாறும் திரவமும்



ரப்பர் பாலில் அமிலத்தைக் கலந்தால் அது உறைந்து கட்டியாகிவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் மறுபடி பாலாவதில்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. இரசாயன மாற்றம் என்றால் ஒரே திசையில் போய் முடிந்துவிடும் என்றுதான் விஞ்ஞானிகளும் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்.

1951-இல் சோவியத் நாட்டில் போரிஸ் பெலோஸோவ் என்ற அறிஞர், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தோடு புரோமேட், சீரியம் உப்புகளைக் கந்தக அமிலத்தில் கலந்தார். திரவம் மஞ்சளாயிற்று, நிறம் மறைந்தது, சற்று நேரத்தில் மறுபடி மஞ்சளாயிற்று. இது நடக்கவே முடியாத காரியம் என்று சொல்லி அவருடைய கட்டுரையைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். 1959-இல், அதிகம் பேர் பார்க்காத ஒரு தொகுப்பில்தான் அது சுருக்கமாக அச்சேறியது. 1961-இல் ஜபோட்டின்ஸ்கி என்ற இளைஞர் ஆய்வைத் தொடர்ந்தார். தட்டில் மெல்லியதாக ஊற்றிய சிவப்புத் திரவத்தில் நீல வளையங்கள் விரிந்து பரவுவதை அவரும் ஜைக்கினும் 1970-இல் வெளியிட்டார்கள். பெலோஸோவ் இறந்ததும் அதே ஆண்டில்தான். லெனின் பரிசில் அவர் பெயர் சேர்ந்தது 1980-இல்!

அந்த வளையங்களைப் புரிந்துகொள்ளச் செபராங் பிறைப் பக்கம் மழையில்லாத மாதங்களில் பற்றும் லாலான் தீயை நினைத்தால் போதும். புல் எரியும், பக்கத்துப் புல்லுக்குத் தாவும், எரிந்த இடம் சாம்பலாகும். புல் மறுபடி முளைக்கும்வரை அங்கே தீ பற்றாது. ஆகவே தீ பின்னால் திரும்பாமல் வளையமாக வெளியே ஓடுகிறது.

1978-இல் கிரீன்பர்க், ஹேஸ்டிங்ஸ் என்ற இருவர் இதையே கட்டக் கணக்காக்கினார்கள். செல்லுலார் ஆட்டோமேட்டா என்ற வகையைச் சேர்ந்தது அது. மணலில் பத்துக்குப் பத்துக் கட்டம் கீறிக்கொள்ளுங்கள். ரப்பர் விதை தீ, கூழாங்கல் சாம்பல், வெறுங்கட்டம் புல். ஒவ்வொரு படியிலும் விதை கல்லாகும், கல் வெறுங்கட்டமாகும். மேல், கீழ், இடம், வலம் ஏதாவதொன்றில் விதை இருந்தால் வெறுங்கட்டத்தில் விதை வரும். எல்லாம் ஒரே சமயத்தில் மாறவேண்டும். நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். இரண்டு கட்டங்கள் கீறி, ஒன்றைப் பார்த்து மற்றதில் வைத்தால் பிழை வராது.

நடுவில் ஒரே விதையை வைத்தால் ஒரு வளையம் விரிந்து ஓரத்தில் மறைந்துவிடும். அந்த விதைக்குப் பக்கத்தில் ஒரு கல்லையும் வைத்துத் தொடங்குங்கள். நான்காவது படியில் அந்த இரண்டு கட்டங்களும் பழைய நிலைக்கே வந்து நிற்கும்! அடுத்த அலை கிளம்பும், பிறகு இன்னொன்று. யாரும் புதிதாகத் தீ வைக்கவேண்டியதில்லை. (இரசாயனச் சோதனையை வீட்டில் செய்யவேண்டாம்; புரோமேட் நஞ்சு. விதை போதும்.)

நம் இருதயத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படி ஒரு மின் அலை ஓடுகிறது. வீனர், ரோசன்புளூத் என்ற இருவர் 1946-லேயே இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அலை முறிந்து ஓரிடத்திலேயே சுழலத் தொடங்கினால் இருதயம் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அப்போது மருத்துவர்கள் மார்பில் மின் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். அதிர்ச்சி கொடுத்தால் துடிப்பு எப்படித் திரும்பும் என்று பலர் கேட்டதுண்டு.

சுழன்றுகொண்டிருக்கும் கட்டத்தில், கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் விதையை வைத்துப் பாருங்கள். அடுத்த படியில் எல்லாம் கல். அதற்கடுத்த படியில் கட்டம் முழுதும் வெறுமையாகிவிடும். இருதயத்தில் இந்த நிலை வந்ததும், அதன் மேற்பக்கத்தில் இயற்கையாகவே துடிப்பை எழுப்பும் இடம் முதல் விதையை வைக்கிறது.