பழைய காரின் பளபள பட்டை: நெம்பினால் போச்சு!

காளவாசல். தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கிற இடம். எந்நேரமும் வண்டிக் கூட்டம். அதற்குள் ஒரு பழைய அம்பாசிடர் ஊர்ந்து வந்தால் போதும், டூவீலர்காரர்கூட ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பார்க்க வைப்பது எது? கிரில், பம்பர், உடம்பில் ஓடும் பளபள பட்டை!

பெயிண்ட் வேலைக்கு விடும்போதுதான் அந்தப் பட்டைக்கு ஆபத்து.

“அண்ணே, இது நசுங்கிக் கெடக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாமா?” என்று பட்டறையில் கேட்பார்கள். தலையாட்டி விடாதீர்கள்! மேற்கு வங்கம் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் 2014-ம் ஆண்டோடு நின்று விட்டது. பம்பாய் பத்மினியும், சென்னை ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு முன்பே நின்று போயின. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட பட்டை திரும்பி வருமா?

கழற்றுவது எப்படி?

பட்டையைப் பிடித்திருப்பது பின்னால் உள்ள கிளிப். சிலவற்றில் சின்ன போல்ட்டும் நட்டும் இருக்கும். முதலில் உள்பக்கம் பார்த்து நட்டைக் கழற்ற வேண்டும். துரு ஏறியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஓரத்துப் பெயிண்டில் டேப் ஒட்டி, மெல்லிய மரச் சில்லை நுழைத்து, ஒவ்வொரு கிளிப்பாக எடுக்க வேண்டும். ஸ்குரு டிரைவர் வேண்டவே வேண்டாம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டை மடங்கும். மடிந்த தடம் லேசில் போகாது.

எந்த உலோகம்?

எவர்சில்வர் என்றால் அதிர்ஷ்டம்! நசுக்கலைப் பின்பக்கமிருந்து மெல்லத் தட்டி எடுத்து, வாட்டர் பேப்பரை 400, 800, 1500 என்று வரிசையாகத் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பாலீஷ் போட்டால் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி மின்னும்.

கொப்புளித்துத் தோல் உரிந்தால் அது குரோம் முலாம். அதைத் தேய்க்கவே கூடாது. குரோம் படலம் தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பழைய முலாமை நீக்கி, செம்பு, நிக்கல், குரோம் என்று மறுபடி பூச வேண்டும். அந்தத் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலம் புற்றுநோய் தரக்கூடியது. வீட்டில் செய்து பார்க்கிற சங்கதி அல்ல, முலாம் பட்டறைக்கே கொடுங்கள்.

காந்தம் ஒட்டாமல் கைக்கு லேசாக இருந்தால் அலுமினியம். மேல் படலம் போயிருந்தால் பாலீஷ் போட்டும் நிற்காது, சீக்கிரமே மங்கிவிடும். மறுபடி ஆனடைஸ் செய்ய வேண்டும்.

ஒளிந்திருக்கும் எதிரி

பட்டையை எடுத்ததும் கிளிப் ஓட்டைகளைப் பாருங்கள். மழைத் தண்ணீரும் புழுதியும் அங்கேதான் தேங்கித் தகட்டைத் தின்னும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு! சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் புதுக் கிளிப்போடு மாட்டுங்கள்.

தாத்தா ஓட்டிய காரில் பேத்தியின் கல்யாண ஊர்வலம் போக வேண்டுமா? பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “பதறாம கழட்டுங்க தம்பி. ஒண்ணையும் தூக்கிப் போட்டுறாதீங்க!”