ஆடையும் பாத்திரமும்

நாடக அரங்கிலே நடிகன் வாய் திறப்பதற்கு முன்னரே பேசத் தொடங்குவது அவன் உடுத்திருக்கும் ஆடை. வருபவன் அரசனா, ஆண்டியா என்பதை அவையோர்க்கு முதலில் உணர்த்துவது அதுவே. நடிகரைப் போற்றுகின்றோம், பாட்டியற்றியவரை நினைவு கூர்கின்றோம், ஆடையை ஆக்கியவர் யாரெனக் கேட்பவர் மிகச் சிலரே.

ஊவாத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தைக் கண்டவர்கள் ஆடையின் ஆற்றலை நன்கறிவர். பகலெல்லாம் தேயிலை மலையில் உழைத்த தொழிலாளி ஒருவர், இரவிலே சேலை கட்டி, அரிதாரம் பூசி, முடி தரித்துக் காமன் பொட்டலில் வந்து நின்றதும் ரதியாகிவிடுகிறார். காமன் எரிந்தபின் அவர் புலம்பும்போது சூழ நின்றோர் கண் கலங்குகின்றனர். அம்மாற்றத்தைத் தொடக்கி வைப்பது ஒப்பனை செய்தவரின் கை.

அக்கைத்தொழிலை உலகு மதிக்குமாறு உயர்த்திய இந்தியப் பெண்மணி பானு அத்தையா. 1929இல் கோலாப்பூரில் பிறந்த அவர், பம்பாய் ஜே. ஜே. கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். 1956இல் வெளிவந்த ‘சி. ஐ. டி.’ என்னும் இந்திப் படத்தின் வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். ‘பியாசா’ (1957), ‘ஆம்ரபாலி’ (1966) முதலாக நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு ஆடை வகுத்தார். 1982இல் வெளியான ‘காந்தி’ திரைப்படத்துக்காக, ஆங்கிலேயரான ஜோன் மோலோவுடன் இணைந்து 1983இல் ஒஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் இந்தியர் அவரே.

அப்படத்தின் கதையை ஆடையைக் கொண்டே படித்துவிடலாம். பாரிஸ்டரின் கோட்டும் கழுத்துப்பட்டியும் மெல்ல மெல்ல நீங்கி, முடிவில் ஒரு முழத்துண்டு எஞ்சுகிறது. வரலாற்றிலே காந்தியடிகள் அவ்வெளிய கோலத்தை மேற்கொண்டது நம் தமிழ் மண்ணில், மதுரையில், 1921 செப்டெம்பர் 22ஆம் நாள். ஆறாண்டுகள் கழித்து, 1927 நவம்பரில், அக்கோலத்துடனேயே அவர் பதுளைக்கும் வந்தார். ஏழையின் உடையைத் தம் உடையாக்கிக் கொண்ட ஒருவரை நம் முன்னோர் நேரிற் கண்டனர். அவ்வுடையின் பொருளை உணர்ந்தாலன்றித் திரையில் அதனை உண்மையாகக் காட்டுதல் இயலாது.

‘காந்தி’க்கு மூன்றாண்டுகளின் பின், 1986இல், அதே பரிசைப் பெற்றவர் ஜப்பானியரான எமி வாடா. 1937இல் கியோட்டோவில் பிறந்த இவரும் ஓவியம் பயின்றவரே. ‘லியர் மன்னன்’ நாடகத்தைத் தழுவி அகிரா குரோசாவா எடுத்த ‘ரான்’ (1985) படத்தில், தந்தையின் நாட்டைப் பங்கிட்ட மூன்று மைந்தர்க்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் என நிறம் வகுத்தார். போர்க்களத்தில் படைகள் மோதும்போது எவன் படை வெல்கிறது, எவன் படை சிதறுகிறது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. அண்ணன் தம்பி பகையை விளக்க வசனம் வேண்டியதில்லை.

அத்தையா 2020இலும் வாடா 2021இலும் மறைந்தனர். இருவரின் பெயரும் படைப்புகளும் ஏட்டில் நிலைத்துள்ளன. நம் தோட்டத்துக் கூத்துக்கு முடி கட்டியவர், அரிதாரம் குழைத்தவர், சேலை மடித்துக் கொடுத்தவர் பெயர்களோ பெரும்பாலும் அவர்தம் லயத்துக்கு அப்பால் அறியப்படவில்லை. கூத்துப் பாடல்களைத் தேடித் தொகுக்கும் அன்பர்கள், ஆடையையும் அவற்றோடு சேர்த்துக் கருதுதல் வேண்டும். எப்பாத்திரத்துக்கு எந்நிறம் வழங்கியது, முடி எதனால் ஆக்கப்பட்டது, அக்கலையை யார் யாருக்குக் கற்பித்தார் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது பதுளைப் பகுதி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அரிய பணியன்று. அவர்கள் உள்ள போதே செய்ய வேண்டிய பணி.